எதிரெதிரே இரண்டு வெட்டு

இது தேய்மானம் இல்லை. எங்கேயோ கல்லில் மோதி நெளிந்ததும் இல்லை. அரத்தால் அராவியது. அதுவும், நான் அராவியது.

ஜெபசுதா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. முத்தையாபுரம் பேருந்து நிறுத்தத்தில், பேச்சிச்செல்வியின் காய்கறிக் கடை முன்னால், ஒரு கையில் கத்தரிக்காய்ப் பையும் மறு கையில் மீதிச் சில்லறையுமாக நின்றாள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திய தொண்டை வறண்டிருந்தது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. உள்ளங்கையில் கிடந்த சில்லறையில் ஒரு இரண்டு ரூபாய் நாணயம். அதன் விளிம்பில் இந்தப் பக்கம் ஒரு சின்ன வெட்டு. அதற்கு நேர் எதிரே அந்தப் பக்கம் ஒரு சின்ன வெட்டு. இரண்டிலும் அழுக்கேறிக் கறுத்திருந்தது.

"என்ன டீச்சர், காசையே பாத்துக்கிட்டு நிக்கிய? செல்லாத காசுன்னா குடுங்க, மாத்தித் தாரேன். உங்கள ஏமாத்தி நான் மச்சு வீடா கட்டப் போறேன்?"

"செல்லும், செல்லும். சும்மா பாத்தேன்."

"பத்து ரூவாக் காசு வேண்டாங்கான் ஒருத்தன். வெட்டு விழுந்த காசு வேண்டாங்கா ஒருத்தி. இந்த ஊருல காசுக்கும் சாதகம் பாத்துத்தான் வாங்குவாவ போல." பேச்சிச்செல்வி அடுத்த ஆளுக்குத் தக்காளி நிறுக்கத் திரும்பிவிட்டாள்.

வாடகை வீட்டின் பூட்டைத் திறந்து உள்ளே போனதும் அந்தக் காசை மேசையில் வைத்தாள். காப்பி போடப் போனாள், பாலை அடுப்பில் வைக்காமலே திரும்பி வந்தாள். இனி அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

செல்வினோடு அவள் குடித்தனம் நடத்தியது ஒரு வருஷத்துக்கும் குறைவுதான். கன்டெய்னர் யார்டில் பெட்டிகளின் எண்களைச் சரிபார்க்கிற வேலை அவனுக்கு. பகல் ஷிப்டு மட்டும் பார்ப்பான். நல்ல குரல். கோயில் பாடகர் குழுவில் புத்தகத்தைக் கையில் பிடிக்காமலே எல்லாப் பாட்டையும் பாடுவான். பெண் பார்க்க வந்தபோது அதைத்தான் பெரிய பெருமையாக எல்லாரும் சொன்னார்கள்.

ஜன்னலோரம் ஒரு பித்தளைத் தட்டு இருந்தது. வேலை விட்டு வந்ததும் சட்டைப்பைச் சில்லறையை அதில் போடுவான். கல்யாணமான புதிதில், அந்தத் தட்டைத் துடைக்கும்போதுதான் அவள் கவனித்தாள். இரண்டு ரூபாய் நாணயங்களில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு. ஒரு ரூபாய் மழமழவென்று இருந்தது. இப்போது வருகிற ஒன்றும் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரே பளபளப்பு. நன்றாகக் கண் தெரிகிறவர்களே மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஏதோ பொழுதுபோக்கு என்று அவள் விட்டுவிட்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம். விளக்கு இன்னும் போடவில்லை. அவள் அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். பால்காரர் தெருவிலிருந்து கூப்பிட்டார். செல்வின் தட்டில் கை விட்டு ஒரு காசை எடுத்தான், கட்டைவிரல் நகத்தால் விளிம்பைச் சுற்றித் தடவினான், கீழே வைத்தான், இன்னொன்றை எடுத்தான். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. காசை அவன் பார்க்கவே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அவளையும் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே, வாசலுக்குப் போனான்.

எல்லாம் அந்த நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. பகல் ஷிப்டு, பாட்டுப் புத்தகம், இருட்டுகிற நேரத்தில் எங்கே கூப்பிட்டாலும் தலைவலி என்று சொன்னது, எல்லாம்.

அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எத்தனையோ தடவை தன்னையே குடைந்து பார்த்திருக்கிறாள். கேட்டால் அவன் பொய் சொல்லிவிடுவானோ என்று பயம்; பொய் சொன்னால் அப்புறம் அவனை மதிக்க முடியாது. உண்மையைச் சொல்லிவிடுவானோ என்பது அதைவிடப் பெரிய பயம். சொல்லிவிட்டால் அவள் ஏதாவது செய்தாக வேண்டும். அதனால் பேசாமல் வேறொன்று செய்தாள். அவனுடைய கருவிப் பெட்டியில் இருந்த முக்கோண அரத்தை எடுத்து, அவன் வேலைக்குப் போன பிறகு, புதிதாக வந்த இரண்டு ரூபாய்க் காசுகளில் வெட்டுப் போட்டாள்.

அவன் போடுகிற மாதிரி போடவில்லை. பக்கத்துப் பக்கத்தில் போட்டால் தேயத் தேய இரண்டும் ஒன்றாகிவிடும். நகம் தேடித் தேடி அலையும். அதை அவள் பார்த்திருந்தாள். எதிரெதிரே போட்டால், காசை இரண்டு விரலால் பிடித்து ஒரு திருப்புத் திருப்பினால் போதும், இரண்டு விரலுக்கும் ஒரே நேரத்தில் தட்டுப்படும். இதை அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு சோதித்தும் பார்த்தாள்.

தட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவன் வந்தான், கை விட்டான், ஒரு காசைத் திருப்பினான். அதையே இன்னொரு தடவை திருப்பினான். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான். அதன் பிறகு அரம் எப்போதும் கருவிப் பெட்டியின் மேல்தட்டிலேயே இருந்தது, அவள் கைக்கு வாட்டமாக.

டிக்சனின் வீடு பிரதிஷ்டையன்றுதான் எல்லாம் உடைந்தது. டிக்சன் அவளுடைய அண்ணன். அப்பா இறந்த பிறகு அவளைப் படிக்கவைத்தவன். நாசரேத்தில் புது வீடு கட்டி, குருவானவர் வந்து ஜெபம் செய்து, சொந்தக்காரர்கள் மொட்டை மாடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொழுது சாய்கிற நேரத்தில் கரண்டு போனது. மாடிப்படிக்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. செல்வின் படி என்று நினைத்து வெறும் வெளியில் கால் வைத்தான். கை எலும்பு உடைந்ததோடு போயிற்று. மறுநாள் டிக்சன் அவனைக் கண் டாக்டரிடமும் கூட்டிப்போனான். சின்ன வயதிலிருந்தே இருக்கிற கோளாறு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வரும், இவருக்கே தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஏமாத்திட்டான்," என்றான் டிக்சன். அம்மா ஜெயபாய் அழுதாள். எல்லாரும் ஜெபசுதாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவர்கள் அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். செல்வின் கூப்பிட வரவில்லை, அவளும் போகவில்லை. வருஷங்கள் போய்விட்டன. முத்தையாபுரத்தில் வேலை கிடைத்து வந்தாள். சட்டப்படி இன்னும் அவன் மனைவிதான்.

இப்போது அண்ணன் ஒரு இடம் பார்த்திருந்தான். கோயம்புத்தூரில் கல்லூரி ஆசிரியர், மனைவி இறந்தவர், குழந்தை இல்லை. ஒரு தடவை போனில் பேசினார். நல்லவராகத்தான் தெரிந்தார், அவளுக்குப் பிடித்த பாடம் எது என்று கேட்டார், இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

"விவாகரத்துன்னா வருஷக்கணக்கா இழுக்கும்," என்று அந்த வாரம் டிக்சன் போனில் சொன்னான். "பெறகு கோயில்ல கல்யாணம் நடத்த ஆயிரம் கேள்வி கேப்பாவ. கண்ணு தெரியாதத மறைச்சுக் கட்டிட்டான், தெரிஞ்ச அன்னைக்கே நான் வந்துட்டேன்னு நீ சொன்னேன்னு வையி, அந்தக் கல்யாணமே செல்லாதுன்னு தீர்ப்பு வாங்கிரலாம்னு வக்கீல் சொல்லுதாரு. மூணு ஞாயித்துக்கிழமை கோயில்ல, தடை இருந்தாச் சொல்லுங்கன்னு கல்யாண ஓலை வாசிச்சாவல்லா? அப்பமாவது அவன் வாயத் தொறந்திருக்கலாம்லா? நீ வந்து ஏமாத்திட்டான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சுதா. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் வைத்துவிட்டாள். அதற்கு அடுத்த நாள்தான் அந்தக் காசு வந்தது. இத்தனை வருஷம் யார் யார் கையிலோ சுற்றிவிட்டு, பழைய காசு, தன் பாட்டுக்கு வந்திருக்கிறது. அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

இரண்டாவது காசு வெள்ளிக்கிழமை வந்தது. அதே கடை. எதிரெதிரே அதே இரண்டு வெட்டு. ஆனால் இந்த வெட்டுகள் கறுக்கவில்லை. உள்ளே வெள்ளையாக மின்னின. காசைத் திருப்பி வருஷத்தைப் பார்த்தாள். இரண்டாயிரத்துப் பத்தொன்பது.

அவள் அந்த வீட்டை விட்டு வந்து நாலைந்து வருஷம் கழித்து அச்சடித்த காசு. இது அவள் கை இல்லை. அவன் கை. அவன் தன் பழைய முறையை விட்டுவிட்டு, இன்றைக்கும் அவள் போட்ட மாதிரியே போட்டுக்கொண்டிருக்கிறான்.

"பேச்சி, இது யாரு குடுத்த காசுன்னு தெரியுமா?"

"அதுவா? எங்க வீட்டுக்காரரு தெரேஸ்புரத்துல மீன் புடிக்கத் தூண்டி நரம்பு வாங்குவாருல்லா, அங்கன ஒரு கண்ணு தெரியாத அண்ணாச்சி கடை போட்டிருக்காரு. அவரு கல்லாவுல இருந்து வாரது. ஏன் டீச்சர், தங்கமா கிங்கமா?"

"இல்ல. வெறும் இரும்புதான்."

சனிக்கிழமை காலையில் தெரேஸ்புரத்துக்குப் போனாள். போய் என்ன செய்யப் போகிறோம் என்று தெரியாமல்தான் போனாள். படகுகள் வந்து சேர்ந்த நேரம். ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலம் போடுகிற சத்தம், ஆட்டோக்களில் சொட்டச் சொட்ட மீன் கூடைகள். சந்துக்குள் ஒரு சின்னக் கடை. தூண்டில் முள், நரம்புச் சுருள், ஈயக்குண்டு, எல்லாம் தனித்தனி டப்பாக்களில். நடுவில் செல்வின். தலைமுடி முன்பக்கம் போய்விட்டது. குரல் அப்படியே இருந்தது.

"ஏலே, அஞ்சு ரூவான்னு சொல்லிக்கிட்டு ரெண்டு ரூவாயத் தாரியே, கண்ணு அவிஞ்சது எனக்கால, உனக்கால?"

"மறந்து குடுத்துட்டேன் அண்ணாச்சி."

"எங்கிட்ட வந்தா மட்டும் எல்லாப் பயலுக்கும் மறதி வந்துருது பாரு."

நின்றவர்கள் சிரித்தார்கள், மாட்டிக்கொண்டவனும் சிரித்தான். அவர்கள் நகர்ந்ததும் அவள் கடைமுன் வந்து நின்றாள்.

"யாரு? என்ன வேணும்?"

"ரெண்டு முள்ளு."

டப்பாவை நோக்கிப் போன அவன் கை பாதியில் நின்றது. "எந்த சைசு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தெரியாது."

"மீனுக்குத் தக்கனதான முள்ளு." டப்பா மூடியைத் திறந்து மூடினான். பிறகு சிரித்துவிட்டான். "நீ என்னைக்கு மீன் பிடிக்கப் போன, சுதா?"

அவளுக்கும் சிரிப்பு வந்தது. அழுகை வரும் என்று பயந்துகொண்டு வந்திருந்தாள். "நல்லா இருக்கியளா அத்தான்?"

"கடை ஓடுது. வெளிச்சம் மட்டும் தெரியுது, ஆள் தெரியாது. நீ?"

"முத்தையாபுரத்துல, ஸ்கூல்ல."

"கேள்விப்பட்டேன்." அவன் ஒரு ஈயக்குண்டை எடுத்துக் கைக்குக் கை மாற்றினான். "டிக்சன் அண்ணன் ஆள் அனுப்பியிருந்தாவ. நான் எதிர்த்து ஒண்ணும் பேச மாட்டேன்னு சொல்லி விட்டுட்டேன். நீ ஏமாத்தினான்னு சொல்லு. நான் ஆமான்னு தலைய ஆட்டிருதேன். நீ ஏன் இப்படியே கெடக்கணும்?"

"ஏமாத்தினியளா?"

"சொல்லலல்லா. சொல்லாததும் ஏமாத்துதான்."

"எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் ஈயக்குண்டை அதன் டப்பாவில் திரும்பப் போட்டான்.

"தட்டுல காசு வெட்டு மாறிக் கெடந்த அன்னைக்கே தெரியும். அன்னைக்கே சொல்லிரணும்னுதான் வாயெடுத்தேன். நாளைக்குச் சொல்லுவோம்னு விட்டேன். மறுநாளும் நீ வெட்டின காசு கெடந்துச்சு. நல்லா இருந்துச்சு சுதா, அது. சொல்லிட்டா நின்னு போயிருமோன்னு தோணிச்சு."

சுவருக்கு இந்தப் பக்கம் அவள் எந்தப் பயத்தோடு இருந்தாளோ, அந்தப் பக்கம் அவனும் அதே பயத்தோடுதான் இருந்திருக்கிறான். கோபமாகவும் வந்தது. இதை இப்போது, தூண்டில் கடையில் வைத்தா சொல்வது? அன்றைக்கு, கையில் கட்டுப் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? தான் மட்டும் என்ன சொன்னோம் என்ற நினைப்பு வந்ததும் அந்தக் கோபம் போக இடமில்லாமல் நின்றது.

"அதுக்காகத்தான் சொல்லுதேன்," என்றான் செல்வின். "கெட்ட பேரு எனக்கு வந்தா வரட்டும். முள்ளு விக்கிறவன்கிட்ட யாரு நன்னடத்தை சர்டிபிகேட்டு கேக்கா? உன் நல்லதுக்குத்தான்."

"எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொல்லுதிய," என்றாள். ஆட்கள் வந்துவிட்டார்கள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினாள்.

திரும்புகிற பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தபடியே வந்தாள். அண்ணனும் அவனும் நேரில் பேசிக்கொள்ளாமலே ஒரே வார்த்தையை அவள் வாயில் வைக்கிறார்கள். சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. அவனே ஒப்புக்கொள்கிறான். கோயம்புத்தூர்க்காரர் காத்திருக்கிறார், மழைக்காலத்தில் ஈரம் கசிகிற இந்த வீட்டை விட்டுவிடலாம், விடுமுறை நாட்களில் பேச ஒரு ஆள் இருக்கும். அந்த ஆசையை அவள் மறைக்கவில்லை, தன்னிடம்கூட.

ஆனால் ஏமாந்தவள் என்றால் ஒன்றும் தெரியாதவள். அந்த வீட்டில் இருந்தவள் எல்லாம் தெரிந்தவள். இருட்டுவதற்குள் அவன் போகிற வழியிலிருந்து நாற்காலியை நகர்த்தி வைத்தவள், படியில் அவனுக்கு ஒரு அடி முன்னால் பேசிக்கொண்டே இறங்கினவள், அரத்தைப் பிடித்துப் பிடித்து விரலில் காய்ப்பு ஏறினவள். அவள் வாழ்க்கையில் யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் ஏற்பாடு செய்யாமல், அவளாகவே செய்த காரியம் அது ஒன்றுதான். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் செல்வின் பெயர் கெடுவது இருக்கட்டும், அந்தப் பெண் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அந்தப் பெண்ணை அந்த வீட்டிலேயே விட்டு வந்ததும் இவள்தான். அதற்கும் இவளிடம் காரணம் இருக்கிறது, பயந்தாள் என்பதுதான் அந்தக் காரணம், ஏமாந்தாள் என்பதல்ல.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். டிக்சன் கையில் முதலூர் மஸ்கோத் அல்வாப் பொட்டலம். வந்ததும் வராததுமாக அடுக்களைக் குழாயில் ஒழுகுவதைப் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். அவன் எப்போதும் அப்படித்தான். அதனால்தான் அவனிடம் மறுத்துப் பேசுவது அவளுக்குக் கஷ்டம்.

சாப்பிட்டு முடித்ததும் ஆரம்பித்தான். "நாளைக்குக் காலையில வக்கீலு வரச் சொல்லியிருக்காரு. அவரு கேக்கதுக்குப் பதறாமப் பதில் சொன்னாப் போதும். இப்ப நான் கேக்கேன், சொல்லிப் பாரு. கண்ணு தெரியாதுன்னு உனக்கு எப்ப தெரியும்?"

"கல்யாணமான மறுமாசம்."

"ஏளா, வெளையாடாத."

"வெளையாடலண்ணே. மறுமாசமே தெரியும். தெரிஞ்சுதான் இருந்தேன்."

ஜெயபாய் அல்வாப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. டிக்சன் முகம் மாறியது. கோபம் வந்தது போலத் தெரிந்து, பிறகு வெறும் களைப்பாக ஆனது.

"அப்போ அன்னைக்கு எங்க வீட்டுல, நான் அந்தப் பாடு பேசுனப்போ, நீ ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்திருக்கணும். பயமா இருந்துச்சு. தெரிஞ்சும் சொல்லலையான்னு நீங்க என்னைத்தான் கேப்பிய."

"சரி. அது நமக்குள்ள இருக்கட்டும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "வெளிய யாருக்கும் தெரியாதுல்லா? அவனே ஆமாங்கான். அம்மா எத்தன நாளா உனக்காக ஜெபம் பண்ணுதா. அவரு நல்ல மனுசன், இப்படி ஒருத்தர் இனி வருவாரான்னு பாரு. ஒரு வார்த்தை, சுதா. எனக்காகச் சொல்லு."

அண்ணன் எதையும் தனக்காகக் கேட்டவன் இல்லை. இதுதான் முதல் தடவை.

"விவாகரத்து வேணும்னா போடுங்கண்ணே. எத்தன வருசம் ஆனாலும் ஆகட்டும், நான் வந்து நிக்கேன். கோயம்புத்தூர்க்காரருக்கும் நானே போன் பண்ணி நடந்ததச் சொல்லுதேன். கேட்டுட்டு அவரு வேண்டாம்னா வேண்டாம்."

"அப்ப நீ அவன்கிட்டயே திரும்பப் போகப் போறியா?" என்றாள் அம்மா.

"அது தெரியாதும்மா. அத அவரும் கேக்கல, நானும் இன்னும் யோசிக்கல."

"பெறகு எதுக்குப் பிள்ள இந்தப் பிடிவாதம்?"

ஜெபசுதா எழுந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைப் பார்த்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நாளைக்கு நான் வரலண்ணே. ஏமாந்தேன்னு நான் சொல்ல மாட்டேன்."